செர்மாட்: ஏற்றிவிடுவதில் கில்லாடி, இணைத்துவிடுவதில் சுமார்

செர்மாட்டுக்குப் போய்வந்த பனிச்சறுக்குக்காரர்கள் இரண்டு கட்சி. ஆல்ப்ஸ் மலையில் இதற்கு மிஞ்சிய இடமே கிடையாது என்று ஒரு கட்சி அடித்துச் சொல்லும். காசையும் கொட்டிக் கொடுத்து, பாதி நாளை லிஃப்டிலும் வரிசையிலும் தொலைத்தோம் என்று மற்ற கட்சி முணுமுணுக்கும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், 1,620 மீட்டர் உயரத்தில் உள்ள மலையூர் இது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இத்தாலியின் செர்வீனியாவையும் வால்தூர்னாஷையும் சேர்த்தால் 360 கிலோமீட்டர் சறுக்குப் பாதைகள். பனி எப்படி, உணவு எப்படி என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது ஆளை மேலே ஏற்றும் வண்டிகளை மட்டும். இரண்டு கட்சியின் வழக்கும் அந்த வண்டிகளில்தான் தொடங்குகிறது.

ஊருக்குள் பெட்ரோல், டீசல் கார் வராது. ஐந்து கிலோமீட்டருக்கு முன்னால் டேஷ் என்ற ஊரில் காரை நிறுத்திவிட்டு, ரயிலில் பன்னிரண்டு நிமிடம் வர வேண்டும். ஸ்டேஷனுக்கு வெளியே மின்சார டாக்சிகள் நிற்கும். அலுமினியப் பெட்டிக்குச் சக்கரம் மாட்டியதுபோல் சதுரமாக இருக்கும் இவற்றை உள்ளூர்ப் பட்டறைகளிலேயே கட்டுகிறார்கள். அழகுப் போட்டிக்கு அனுப்ப முடியாது. ஆனால் பின்பக்கச் சட்டத்தில் ஆறு ஜோடி ஸ்கீ கட்டைகளைச் செருகிக்கொண்டு, இரண்டு முழங்கை அகலச் சந்தில் திரும்பும் லாவகம் வேறு வண்டிக்கு வராது. குறை ஒன்றுதான்: சத்தமே கிடையாது. முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்வரை தெரியாது.

அடுத்தது கழுத்தை நெரிக்கும் சமாசாரம், சீட்டு. ஒரு நாளுக்கு 90 பிராங்குக்கு மேல் ஆகும். இத்தாலியையும் சேர்த்தால் 100-ஐத் தாண்டிவிடும். விமான டிக்கெட்போல முன்கூட்டி வாங்கினால் ஒரு விலை, காலையில் கவுன்டரில் போய் நின்றால் இன்னொரு விலை. கையில் தருவது சிப் பதித்த பிளாஸ்டிக் அட்டை. அதை வெளியே எடுத்துக் காட்டத் தேவையில்லை. சட்டைப்பையில் இருந்தாலே தடுப்பு திறந்துகொள்ளும். படிப்பான் இடது பக்கம் இருக்கிறது. எனவே அட்டை இடது பையில், செல்போன் வலது பையில். இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு தடுப்பின் முன் உடம்பை வளைத்து நெளித்து ஆடுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். பின்னால் நிற்கும் ஜெர்மானியர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பார்ப்பார்கள்.

மூன்று மலைப் பக்கங்களுக்கு மூன்று வழி. கிழவரிடமிருந்து தொடங்குவோம். கோர்னர்கிராட் ரயில் 1898-ல் ஓடத் தொடங்கியது. அன்றைக்கே மின்சாரம், சுவிட்சர்லாந்தின் முதல் மின்சாரப் பல்சக்கர ரயில். தண்டவாளத்தின் நடுவே பல் வரிசை. அதை எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக்கொண்டு ஏறும். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்த முறை இது. அதற்கு அடுத்த ஆண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறிய நம் நீலகிரி ரயிலும் இதே ஆப்ட் முறைதான். அதன் பழைய நீராவி எஞ்சின்கள் பலவற்றைக் கட்டியதும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலைதான். நீலகிரியில் 12 அடிக்கு ஓரடி ஏற்றம் என்றால், இங்கே ஐந்தடிக்கு ஓரடி. மேலே இரண்டு மின்கம்பிகள் ஓடும். தண்டவாளத்தையும் சேர்த்துக்கொண்டு மூன்று கட்ட மின்சாரத்தை அப்படியே எடுக்கும் ரயில்கள் உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிச்சம். இறங்கும் வண்டி பிரேக் பிடிக்கும்போது பிறக்கும் மின்சாரம் கம்பி வழியாக ஏறும் வண்டிக்குப் போகிறது.

சறுக்குக்காரர்கள் இந்த ரயிலை எப்படிப் பார்க்கிறார்கள்? வெயிலுள்ள காலையில், வலது பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தவருக்கு இதைவிட நல்ல வண்டி இல்லை. வெதுவெதுப்பு, கண்ணாடி முழுக்க மேட்டர்ஹார்ன். ஸ்டாட்லர் நிறுவனம் கட்டிக்கொடுத்த புதிய பெட்டிகளில் ஜன்னல் பெரிது, ஏறும் படி தாழ்வு. பூட்ஸ் காலோடு ஏற அது பெரிய உதவி. ஆனால் 3,089 மீட்டருக்குப் போய்ச் சேர 33 நிமிடம். ஒரே சரிவில் நான்கைந்து முறை இறங்க நினைப்பவருக்கு இது ஆகாது. கூடவே செல்ஃபிக் கம்புடன் வரும் சுற்றுலாக் கூட்டம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ரயில் அவர்களுக்காகப் போட்டதுதான். இந்த ஊர் குளிர்காலத்தில் விருந்தாளிகளை எதிர்பார்க்கத் தொடங்கியதே 1920களின் கடைசியில். அதுவரை கோடையில் வந்து, மலையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களின் ஊர். பார்க்க நல்ல இடம் எதுவோ அங்கே வண்டி போனது, சறுக்கு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. செர்மாட்டின் பெருமைக்கும் புகாருக்கும் வேர் இதுதான் என்பது என் எண்ணம்.

சுன்னெகா பக்கம் போகும் வண்டி பழனி விஞ்ச் வகையறா. 1980 முதல் முழுக்க மலைக்குள் சுரங்கத்தில் ஓடுகிறது. காற்று அடித்தால் என்ன, பனி கொட்டினால் என்ன, சில நிமிடங்களில் 2,288 மீட்டரில் கொண்டுபோய் விட்டுவிடும். வண்டியை எல்லோரும் மெச்சுவார்கள். வண்டியை அடைய நடக்க வேண்டிய நீளச் சுரங்கப் பாதையைத் திட்டுவார்கள். ஸ்கீ பூட்ஸில் கணுக்கால் மடங்காது, தோளில் கட்டைகள், முன்னால் சறுக்குப் பள்ளிக் குழந்தைகளின் ஊர்வலம். இதற்கும் மேலே ரோட்ஹோர்ன் பக்கம் கும்மே என்று ஒரு சின்ன ரோப்கார் இருக்கிறது. ஸ்டேஷனில் ஆள் கிடையாது. கேமராவும் உணரிகளும் பார்த்துக்கொள்ள, தூரத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நடத்துகிறார்கள். கதவு மூடும்போது கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வண்டி தானே நிற்கிறது. முதல் தடவை கொஞ்சம் அமானுஷ்யமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

இந்த ஊரின் ராஜ வண்டி மேட்டர்ஹார்ன் க்ளேசியர் ரைடு. ட்ரோக்கனர் ஸ்டேக் (2,939 மீட்டர்) வரை எட்டுப் பேர் உட்காரும் சாதாரண கூண்டில் வந்து, அங்கே மாறிக்கொள்ள வேண்டும். க்ளைன் மேட்டர்ஹார்ன் சிகர ஸ்டேஷனுக்கு (3,821 மீட்டர்) முன்பெல்லாம் 1979-ல் போட்ட பழைய ரோப்காரில்தான் போனார்கள். நூறு பேர் நின்றபடி அடைந்துகொள்ளும் பெட்டிகள் இரண்டு. ஒன்று ஏற, ஒன்று இறங்க. விடுமுறை வாரத்தில் அந்த வரிசையில் நின்றவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. 2018 செப்டம்பரில் இத்தாலிய நிறுவனமான லைட்னர் கட்டிய புது ரோப்கார் திறந்தது. 25 கூண்டுகள், ஒவ்வொன்றிலும் 28 இருக்கை, மணிக்கு 2,000 பேர். கூண்டை வடிவமைத்தது ஃபெராரி கார்களுக்கு உடல் வரைந்த பினின்ஃபரினா. உட்காரும் இடம் சூடாகிறது. இது ஆடம்பரம் என்று நினைத்தேன். வெளியே மைனஸ் 18-ல் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

உள்ளே நடக்கும் வித்தை சுவாரசியமானது. இரண்டு தடித்த கம்பிகள் அசையாமல் நிற்கும். கூண்டின் உருளைகள் அவற்றின்மேல் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் ஓடும். மூன்றாவது கம்பி ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், இழுப்பது அது. ஸ்டேஷனுக்குள் வந்ததும் கூண்டின் கவ்வி இழுகம்பியை விட்டுவிடுகிறது. கூண்டு நடை வேகத்துக்குக் குறைந்து ஊர்கிறது, ஆள் ஏறிக்கொள்கிறார், மறுபடி கவ்விக்கொண்டு பாய்கிறது. தாங்குகம்பிகள் இரண்டும் விலகி நிற்பதால் பக்கக்காற்றுக்கு ஈடு கொடுக்கும். அதனால்தான் 3.9 கிலோமீட்டர் தூரத்துக்கு மூன்றே கோபுரங்கள் போதுமாக இருக்கின்றன. கோபுரத்தைக் கடக்கும்போது வயிற்றைப் புரட்டும் அந்தக் குலுக்கல்கூட இதில் பெயருக்குத்தான். நாலு கூண்டுகளுக்கு ஸ்வரோவ்ஸ்கி படிகங்கள் பதித்து, நடுவழியில் தரைக் கண்ணாடி தெளிவாகும்படி செய்திருக்கிறார்கள். அது தேன்நிலவுக்காரர்களுக்கு. ஒன்பது நிமிடத்தில் ஏறக்குறைய 900 மீட்டர் ஏறுவதால் காது அடைக்கும். இறங்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தில் பனியாற்றை நோக்கி நடக்கும்போது மூச்சு வாங்கும். யாரும் அங்கே ஓடுவதில்லை.

அந்தச் சுரங்கத்தின் வாயில் நின்று கட்டையை மாட்டிக்கொண்டால் ஊர்வரை 2,200 மீட்டர் இறக்கம். பெருமைக் கட்சியின் முதல் சாட்சி இதுதான், நானும் அதில் கையெழுத்துப் போடுவேன். மற்ற இடங்களில் ஒரு சரிவு முடிந்து மூச்சுவிடும் நேரத்தில் இங்கே சரிவு ஆரம்பமே ஆகியிருக்காது. தொடை எரியும், நின்று பார்த்தால் எதிரே 4,478 மீட்டர் மேட்டர்ஹார்ன்.

2023 ஜூலையிலிருந்து இதன் தம்பி வண்டி ஒன்று சிகரத்திலிருந்து எல்லையிலுள்ள டெஸ்டா க்ரிஜாவுக்கு ஓடுகிறது: 1.6 கிலோமீட்டர், பத்துக் கூண்டு. கட்டை மாட்டத் தெரியாதவர்களும் சுவிட்சர்லாந்திலிருந்து இத்தாலிக்கு மலைமேலாகவே போய்வரலாம். சறுக்குக்காரர்கள் அங்கிருந்து வென்டினா என்ற நீளமான சிவப்புப் பாதையில் செர்வீனியாவுக்கு இறங்கி, பாதி விலையில் காபி குடித்துவிட்டு வருவார்கள். காட்சி சுவிஸ் பக்கம், காபி இத்தாலிப் பக்கம் என்பது இங்கே வழக்கமான பேச்சு. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மேட்டர்ஹார்ன் அடையாளமே தெரியாது. பருத்த ஒரு பாறை.

சிக்கல் காற்று. சுவிஸ் ஓட்டல் சமையலறைகளில் எண்பதுகளிலிருந்து ஈழத் தமிழர்கள் வேலை செய்கிறார்கள். சாப்பாட்டுக் கடை ஒன்றின் பின்வாசலில் புகைபிடித்துக்கொண்டு நின்ற யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர், நான் தமிழில் போன் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: “தம்பி, இத்தாலிக்குப் போறதெண்டா காத்தைப் பார்த்துட்டுப் போங்கோ. போர்டில பச்சை லைட் எரியுதெண்டு நம்பாதேங்கோ, பின்னேரம் மாறிடும். மூடிட்டாங்களெண்டா ராவைக்கு அங்கதான் படுக்கை.” அவர் சொன்னது கொஞ்சமும் மிகையில்லை. மேல் லிஃப்டுகள் நின்றுவிட்டால் செர்வீனியாவிலிருந்து சாலை வழியாகச் சுற்றிவர பல மணி நேரம் ஆகும், டாக்சிக் கட்டணத்தைக் கேட்டால் ஓட்டல் அறையே மலிவு என்று தோன்றும். செல்போன் செயலி எந்த லிஃப்ட் திறந்திருக்கிறது என்பதை அவ்வப்போது காட்டுகிறது, உண்மைதான். ஆனால் அந்தக் குளிரில் பேட்டரி 60 சதவீதத்திலிருந்து ஒரேயடியாகச் செத்துப்போகும். போனை உள்சட்டையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி முணுமுணுப்புக் கட்சியின் பக்கம். மூன்று மலைப் பக்கங்களும் தனித்தனியாக வளர்ந்தவை; பிறகுதான் முடிச்சுப் போட்டார்கள். முடிச்சு இறுகவில்லை. ரோட்ஹோர்னிலிருந்து கோர்னர்கிராட் பக்கம் வர, கான்ட் வரை இறங்கி ஹோடெல்லிக்கு ஏறும் ரோப்காருக்குக் காத்திருக்க வேண்டும். அங்கிருந்து பனியாற்றுப் பக்கம் போக, ஃபூரிவரை தாழ இறங்கி மறுபடி மேலேறும் கூண்டு. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போவதற்குள் காலை போய்விடும். பிரான்சின் ‘மூன்று பள்ளத்தாக்குகள்’ என்ற சறுக்குப் பகுதியில் 600 கிலோமீட்டர் பாதையை நாற்காலி லிஃப்டுகளிலேயே குறுக்கும் நெடுக்குமாக ஓட்டித் தீர்ப்பவர்களுக்கு இது பொறுக்காது. அந்த ஊர்களைச் சறுக்குக்காகவே காகிதத்தில் வரைந்து கட்டினார்கள், இதை அப்படிக் கட்டவில்லை. ஊருக்குள்ளும் அதே கதை: மூன்று லிஃப்ட் அடிவாரங்களும் மூன்று மூலை. காலை ஒன்பது மணி மின்சார பஸ்ஸில் கட்டை முனை யார் கண்ணில் குத்தும் என்று சொல்ல முடியாது. லிஃப்ட் அடிவாரத்திலேயே லாக்கர் எடுத்து கட்டையையும் பூட்ஸையும் வைத்துவிட்டு, சாதாரண செருப்பில் ஊருக்குள் நடப்பவர்கள் விவரமானவர்கள்.

முதல் முறை சறுக்கப் போகிறவர்களுக்கு நான் இந்த ஊரைச் சொல்ல மாட்டேன். பழகும் மைதானம் சுன்னெகாவில், மேலே இருக்கிறது. மாலையில் ஊருக்கு இறங்கும் பாதைகள் செங்குத்தாகி, ஐஸ் கட்டி, ஆள் நெருக்கத்தில் அச்சமூட்டும்; வண்டியிலேயே இறங்கிவிடுவது மேல். கை தேர்ந்தவர்களுக்கு மஞ்சள் பாதைகள் உண்டு. பனிச்சரிவு அபாயத்தை மட்டும் பார்த்துக்கொள்வார்கள்; மெஷின் விட்டுச் சமப்படுத்துவதோ ரோந்து போவதோ கிடையாது. ட்ரிஃப்ட்ஜி சரிவின் மேடுபள்ளங்களுக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வருஷம் முழுக்கப் பனி என்ற விளம்பரத்தையும் இப்போது கொஞ்சம் தள்ளுபடியோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 2022 கோடையில் வெப்பத்தால் ஜூலை கடைசியில் சறுக்கை நிறுத்தினார்கள். அதே வருஷம் செர்மாட்டிலிருந்து செர்வீனியாவுக்கு நடக்கவிருந்த உலகக் கோப்பைப் பந்தயம் பனி போதாமல் ரத்தானது. மறு வருஷம் பந்தயப் பாதைக்காகப் பனியாற்றை எக்ஸ்கவேட்டர் வைத்துத் தோண்டிய படங்கள் வெளிவந்து பெரும் சர்ச்சையானது. பந்தயமும் வானிலையால் நடக்கவில்லை. பனியாறு உருகுவதால் இரு நாட்டு எல்லைக் கோட்டையே நகர்த்த வேண்டியதாகி, 2024 செப்டம்பரில் சுவிட்சர்லாந்து ஒப்புதல் கொடுத்தது.

காசு பார்க்க வேண்டாதவர் செர்மாட்டிலேயே தங்கட்டும். பார்ப்பவருக்கு, விவரமறிந்த சறுக்குக்காரர்கள் ரகசியம்போல் சொல்லும் வழி ஒன்று இருக்கிறது: செர்வீனியாவில் அறை எடுங்கள், அந்தப் பக்கத்துச் சீட்டை வாங்குங்கள், வானம் வெளுத்திருக்கும் நாளில் மட்டும் கூடுதல் கட்டணம் கட்டி எல்லை தாண்டுங்கள். காலையில் காற்று அடித்தால் செர்மாட் விலையைக் கட்டாமலே செர்வீனியாவின் சரிவுகளில் இறங்கலாம். மேலே போன நாளில் மட்டும் மறக்காமல் மூன்று மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.