நீக்கோவுக்கு இப்போது கிடைக்கும் நல்ல பெயர்

ஒரு காலத்தில் வாய் வலிக்கத் திட்டிய படைப்பைப் பத்துப் பதினைந்து வருஷம் கழித்துத் தூசி தட்டி எடுத்து, "அப்போ நமக்குப் புரியல" என்று சொல்வது ரசிகர்களிடையே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சினிமாவில் இதன் பலனை அதிகம் பார்த்தது 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்'. வீடியோ கேமில் எனக்குத் தோன்றும் உதாரணம் 'ஜிடிஏ 4'. ராக்ஸ்டார் நிறுவனம் 2008 ஏப்ரல் 29-இல் வெளியிட்டபோது விமர்சகர்கள் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். விமர்சனங்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 98 மதிப்பெண். அதே வரிசையில் முன்பு வந்த 'சான் ஆண்ட்ரியாஸ்' விளையாடிப் பழகிய ரசிகர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. இன்று அதே கூட்டத்தில் பலர் இந்த வரிசையிலேயே சிறந்தது இதுதான் என்கிறார்கள்.

அன்றைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. 2004-இல் வந்த சான் ஆண்ட்ரியாஸில் மூன்று நகரங்கள், இடையே காடு, மலை, பாலைவனம். விமானம் ஓட்டலாம், பாராசூட்டில் குதிக்கலாம், ஜிம்முக்குப் போய் உடம்பேற்றலாம், வீடு வாங்கலாம். நான்காவது பாகத்தில் இதில் எதுவுமே கிடையாது. நியூயார்க்கைப் பார்த்து வரைந்த லிபர்ட்டி சிட்டி என்ற சாம்பல் நிற நகரம், பிரேக் பிடித்தால் பத்தடி தள்ளிப்போய் நிற்கிற கனமான கார்கள், சம்பாதித்த பணத்தைச் செலவழிக்கத் துப்பாக்கி, துணி, சாப்பாடு தவிர வழியில்லாத வாழ்க்கை. போதாக்குறைக்கு, ஆள் சுடப்படும் நேரம் பார்த்து, கதாநாயகன் நீக்கோவின் உறவுக்காரன் ரோமன் போன் போட்டு, பவுலிங் ஆடப் போகலாமா என்பான்.

நம் பக்கத்துக் கதையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. போச்சம்பள்ளி, மத்தூர், பர்கூர் வட்டாரத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு முதல் கம்ப்யூட்டரே அதுதான். இதே வரிசையில் பழைய கேமான 'வைஸ் சிட்டி' அதில் வழுக்கிக்கொண்டு ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத அந்த இயந்திரத்தில் ஜிடிஏ 4 லேக் அடித்தே உயிரை வாங்கியது. 2008 டிசம்பரில் வந்த பிசி பதிப்பு நல்ல கம்ப்யூட்டரிலேயே திணறியது என்பது உலகறிந்த புகார். பென் டிரைவில் கைமாறி வந்ததோ பாட்டையும் காட்சிகளையும் வெட்டி அளவு குறைத்த திருட்டுப் பிரதி. திருட்டுப் பிரதி என்று தெரிந்தால் ஆட்டத்தையே கெடுக்கிற ஒரு பொறியையும் ராக்ஸ்டார் உள்ளே வைத்திருந்தது: கேமரா குடிகாரனைப் போலத் தள்ளாடும், ஏறிய கார் தானாக வேகமெடுக்கும். காசு கொடுக்காதவனுக்கான தண்டனை அது என்று தெரியாமல், கேமையே இப்படிக் கோணலாகச் செய்திருக்கிறார்கள் என்று நம்பியவர்கள் ஏராளம். ஆக, அன்று நம் பையன்கள் கரித்துக்கொட்டியதில் ஒரு பங்கு ஜிடிஏ 4-க்குச் சேராது. மறுமதிப்பீட்டுக்கு நியாயம் இங்கேயே கிடைத்துவிடுகிறது: முதல் தடவை அவர்கள் பார்த்தது முழுப் பொருளே அல்ல.

அன்று பிளஸ் டூ படித்தவர்களுக்கு இன்று முப்பதை ஒட்டிய வயது. போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலா ஸ்கூட்டர் ஆலை வந்த பிறகு சுற்றுவட்டாரத்தில் அறை எடுத்துத் தங்கி ஷிப்டு பார்க்கும் வெளியூர்க்காரர்கள் பெருகிவிட்டார்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய கிராபிக்ஸ் கார்டு பேரம் பேசி வாங்கி, அறையில் கம்ப்யூட்டர் கட்டி வைத்திருக்கும் அவர்களில் ஒருவர், இந்த கேமை இப்போது ஏன் பிடிக்கிறது என்று கேட்டதற்குச் சொன்னார்: "அப்போ நீக்கோ மூஞ்சியப் பார்த்தாலே கடுப்பா இருக்கும்ணா. எப்பப் பார்த்தாலும் சோகம். இப்போ அவன் கப்பல்ல வந்து எறங்குறதப் பார்த்தாலே நம்ம கதையா தெரியுது."

அவர் சொல்வது புரிகிறது. போரில் அடிபட்ட நீக்கோ பெல்லிக், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து லிபர்ட்டி சிட்டிக்கு வருவதற்கு ரோமன் சொன்ன கதைகளும் ஒரு காரணம். மாளிகை, ஸ்போர்ட்ஸ் கார், பெண்கள் என்று அவன் அளந்ததெல்லாம் பொய். இருப்பது கரப்பான் ஓடும் ஓர் அறை, கடனில் மூழ்கும் ஒரு டாக்ஸி கம்பெனி. ஊரில் 'செட்டிலாகிட்டேன்' என்று சொல்லிவிட்டு ஓர் அறையில் நாலைந்து பேர் படுத்துறங்குகிறவர்களுக்கு இந்தத் தொடக்கம் சுருக்கென்று தைக்கும். வாங்க வீடு கிடைக்காத பணமும், வேலை நேரத்தில் வரும் உறவுக்காரன் போனும்கூட இப்போது வேறு அர்த்தம் கொள்கின்றன.

என் தயக்கமும் இங்கேதான். இது கேமைப் பற்றிய தீர்ப்பா, தன் வாழ்க்கையைப் பற்றிய பெருமூச்சா? வயது கூடியதால் பிடித்துப்போவது ரசனையில் சகஜம். அதை மட்டும் வைத்துப் படைப்பு உயர்ந்தது என்று சாதிக்க முடியாது. படைப்புக்குள்ளேயே கைகாட்ட ஏதாவது வேண்டும். ஜிடிஏ 4-இல் அது இருக்கிறது. யூபோரியா என்ற இயங்குமுறையால் அதில் யாரும் ஒரே மாதிரி விழுவதில்லை. காரால் லேசாக இடித்தால் ஆள் தடுமாறி, கையூன்றி, சமாளித்து நிற்கப் பார்ப்பான். நகரும் காரின் கைப்பிடியைப் பற்றியவன் அதை விடாமல் சில அடி இழுபட்டு வருவான். வேகமாக மோதினால் நீக்கோவே முன்கண்ணாடி வழியாகத் தெறித்து விழுவான். அன்று குறை சொன்ன அந்தக் காரின் கனமும் இதே கணக்கில் வருவதுதான். பாலத்து டோல்கேட்டில் ஐந்து டாலர் கட்ட வேண்டும், தடுப்பை உடைத்துப் போனால் போலீஸ் துரத்தும். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தச் சபலத்தை விளக்க வேண்டியதில்லை. 2013-இல் வந்த ஐந்தாம் பாகம் இந்தக் கனத்தைக் குறைத்து, விமானத்தையும் பாராசூட்டையும் திருப்பித் தந்து, 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதைப் பார்த்த பிறகுதான் நாலாம் பாகத்தில் இருந்த எதை இழந்தோம் என்பதே ரசிகர்களுக்கு உறைத்தது.

ஆனால் புதிய பக்தர்கள் ஒளித்துவைப்பதும் உண்டு. மிஷன்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு: காரில் போ, சுடு, துரத்து. கடைசி நிமிடத்தில் செத்தால் முதலிலிருந்து திரும்ப ஓட்டிக்கொண்டு வர வேண்டும். கொலைகளை நினைத்து வெதும்பும் நீக்கோ அடுத்த கணமே முப்பது பேரைச் சாய்ப்பான். இந்த முரணை எந்த முதிர்ச்சியும் சரிசெய்யாது. இன்னொன்று, பிடித்தவர்தான் திரும்பி வந்து விளையாடுகிறார். பிடிக்காமல் விட்டவர் மெனக்கெட்டு வந்து "இன்னும் பிடிக்கவில்லை" என்று சொல்லப்போவதில்லை. அதனால் 'எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள்' என்பது ஒருதலைக் கணக்கு. ஐந்தாம் பாகத்தைச் சாத்துவதற்கான தடியாக மட்டுமே நாலாம் பாகத்தைத் தூக்குகிறவர்களும் இந்தக் கணக்கில் சேர்ந்துகொள்கிறார்கள்.

மறுமதிப்பீட்டில் யாரும் கவனிக்காத விஷயம், மதிப்பிடப்படும் பொருளே மாறிவிட்டது என்பது. 'பாபா' 2022 டிசம்பரில் மீண்டும் திரைக்கு வந்தபோது 2002-இல் ஓடிய படமாக வரவில்லை. வெட்டிச் சுருக்கிப் புதுப்பித்து வந்தது. ஜிடிஏ 4-இலும் அதே கதை. இன்று சீராக ஓடுவதற்குப் பெரிதும் காரணம் ரசிகர்களே எழுதிய திருத்தங்கள்; அதற்கான பாராட்டில் ராக்ஸ்டாருக்குப் பங்கு குறைவு. இன்னொரு பக்கம், பத்தாண்டு உரிமம் முடிந்ததால் 2018 ஏப்ரலில் ரேடியோவிலிருந்து பல பாடல்கள் நீக்கப்பட்டன. நீக்கோவின் மனநிலைக்கே வாசித்தது போலிருந்த 'விளாடிவோஸ்டாக் எஃப்எம்' தன் பழைய ரஷ்யப் பாட்டுகளைப் பெரும்பாலும் இழந்தது. 2020 தொடக்கத்தில் கேமே ஸ்டீம் இணையக் கடையிலிருந்து காணாமல்போய், மார்ச்சில் 'கம்ப்ளீட் எடிஷன்' என்ற பெயரில் திரும்பியது. பெயரில்தான் முழுமை, பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் அந்தப் பதிப்பில் இல்லை. 2008-இல் அந்தப் பகுதிக்காகவே வாங்கி, அதைப் புகழ்ந்து சண்டை போட்டவர்கள் சொன்னது சரியா தவறா என்று சோதித்துப் பார்க்க, இன்று ஸ்டீமில் வாங்குகிறவருக்கு அந்தப் பதிப்பில் வழி கிடையாது.