ஒத்த நிலைத் தலைவரும் படைத்தலைமையும்: சந்திரகிரி அரசுரிமைப் போர் பற்றிய பதிவுகள்

முன்னுரை

போரில் வென்றவனைப் பாடுவது புற இலக்கியத்தின் இயல்பு. ஒத்த தகுதியுடைய தலைவர் பலர் ஓரணியில் கூடிநின்றபோது அவர்களுள் ஒருவன் மற்றவர்களை எவ்வாறு நடத்திச் சென்றான் என்பதை அவ்விலக்கியம் எளிதில் கூறுவதில்லை. தலையாலங்கானப் போரைச் சுட்டும் நக்கீரரின் அகநானூற்றுப் பாடல் (அகம். 36) சேரல், செம்பியன், திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன் என எழுவரை நிரல்பட அடுக்குகிறது. இவர்களுள் படையை நடத்தியவர் யார் என்பதற்கு அப்பாடலில் விடை இல்லை. எழுவரையும் வென்ற நெடுஞ்செழியனின் பெருமைக்கு எண்ணிக்கை போதும். எழுவருக்கிடையே நிலவிய உறவு தேவையில்லை.

பாரதக் கதை இதற்கு மாறானது. வீடுமன் படைத்தலைமை ஏற்ற பத்து நாளும் கன்னன் களம் புகவில்லை. தன்னைத் தாழ்த்தி மதிப்பிட்டவனின் ஆணைக்குக் கீழ் நிற்க அவன் உடன்படாததே காரணம். ஒரு தலைவன் மற்றொருவனின் தலைமையை மறுத்ததை இதிகாசம் மறைக்காமல் பேசுகிறது. குறிப்பிட்ட ஒரு புரவலனின் புகழை நிலைநாட்டும் கடமை அதற்கு இல்லை என்பது இங்கு நோக்கத்தக்கது.

இவ்விரு போக்குகளையும் மனத்திற்கொண்டு, 1614இல் சந்திரகிரி அரசவையில் தொடங்கித் தோப்பூர்க் களத்தில் முடிந்த அரசுரிமைப் போர் பற்றிய பதிவுகளை இக்கட்டுரை ஆராய்கிறது. அப்போரில் வெலுகோட்டி யாசம நாயக்கர் தமக்கு நிகரான தலைவர்களை ஓரணியில் நிறுத்த வேண்டியிருந்தது. அவர்களுக்கு ஆணையிடும் உரிமை அவருக்கு இல்லை. இந்நிலையைப் பதிவுகள் எவ்வாறு கூறுகின்றன, எவ்வாறு கூறாமல் விடுகின்றன என்பதே இங்கு ஆய்வுப் பொருள்.

சந்திரகிரிச் சூழல்

திருப்பதிக்குத் தென்மேற்கே அமைந்துள்ள சந்திரகிரி, முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. தலைக்கோட்டைப் போருக்குப் (1565) பின் விசயநகரப் பேரரசின் தலைமை ஆரவீட்டு மரபினரிடம் சென்றது. அம்மரபின் வேங்கடபதிராயர் (1586–1614) பெனுகொண்டாவிலிருந்து சந்திரகிரிக்குத் தம் அரசிருக்கையை மாற்றினார். பின்னர் வேலூரும் அவருடைய அரசிருக்கையாயிற்று.

வேங்கடபதிராயரின் செப்பேடுகள் வேங்கடேசனை வணங்கித் தொடங்குகின்றன. அரசரின் கையொப்பமாக வருவதும் 'ஸ்ரீ வேங்கடேச' என்னும் இறைவன் பெயரே. அவருடைய பொற்காசுகளிலும் திருமலை இறைவனின் உருவம் உண்டு. இது பக்தியின் வெளிப்பாடு மட்டுமன்று. அரசியல் தேவையும் இதில் அடங்கியுள்ளது எனலாம். நாயக்க முறையில் ஒவ்வொரு தலைவனும் அரசனிடமிருந்து நிலப்பகுதியைப் பெற்று, அதன் வருவாயில் தன் படையைத் தானே பேணினான். அரசனுக்கும் தலைவனுக்கும் இடையே கடமை உண்டு. தலைவனுக்கும் தலைவனுக்கும் இடையே அத்தகைய கடமை இல்லை. ஒருவருக்கொருவர் பணியாத தலைவர்கள் மலைமேல் உள்ள இறைவனுக்கும் அவன் பெயரால் கையொப்பமிடும் அரசனுக்கும் பணியலாம், அதில் இழிவில்லை. ஆகவே, அரசிருக்கை ஐயத்துக்கு இடமாகும்போது இக்கட்டமைப்பு முழுவதும் தளர்கிறது.

இம்முறையின் இயக்கத்தை யாசமரின் முந்தைய வாழ்வே காட்டுகிறது. வேலூர் இலிங்கம நாயக்கர் பேரரசரை மீறியபோது அவர் தரப்புப் படையை யாசமர் 1601இல் உத்தரமேரூரில் வென்றார். அங்கு அவர் பேரரசரின் ஆணையைத் தாங்கிச் சென்றார். ஒத்த நிலையினன் ஒருவன்மேல் படையெடுக்க அந்த ஆணை போதுமானதாக இருந்தது. 1614இல் அத்தகைய ஆணையைத் தருவதற்கு அரசர் இல்லை.

மோதிரமும் குழந்தையும்

வேங்கடபதிராயர் இறக்கும் தறுவாயில் தம் தமையன் மகன் ஸ்ரீரங்கருக்கு மோதிரத்தை அளித்து அரசுரிமையை உறுதிசெய்தார். இவரே சிக்கராயர் எனப்பட்டவர். கொப்பூரி ஜக்கராயன் இதனை ஏற்கவில்லை. அரசியருள் ஒருவரின் நெருங்கிய உறவினனான அவன், அவ்வரசியின் மகன் எனச் சொல்லப்பட்ட சிறுவனை முன்னிறுத்தினான். வேறு இரு தலைவர்களையும் துணைக்கொண்டு ஸ்ரீரங்கரைச் சிறையிட்டான். யாசமர் மட்டும் அவ்வணியில் சேர மறுத்துத் தம் படையுடன் விலகி நின்றார். சிறையிலிருந்த அரச குடும்பத்தில் பன்னிரண்டு வயதினரான இராமதேவரை ஒரு சலவைத் தொழிலாளி துணி மூட்டையில் மறைத்து வெளிக்கொணர, அச்சிறுவர் யாசமரிடம் சேர்ந்தார். பின்னர் ஸ்ரீரங்கரும் அவர் குடும்பத்தினரும் கொல்லப்பட்டனர்.

இருதரப்பிலும் தலைமை ஒரு சிறுவன் பெயரால் இயங்கியது என்பது இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. மோதிரம் ஸ்ரீரங்கரைக் காக்கவில்லை. மோதிரத்தை அளித்தவர் மறைந்ததும், அதன் பொருளை ஏற்பதா மறுப்பதா என முடிவுசெய்யும் உரிமை, தனித்தனிப் படைகளை வைத்திருந்த தலைவர்களிடமே எஞ்சியது.

பதிவுகள் மூன்று

இப்போர் குறித்த பதிவுகளுள் மூன்று இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முதலாவது, இயேசு சபைத் துறவி மனுவேல் பர்ராதாஸ் 1616 டிசம்பரில் கொச்சியிலிருந்து எழுதிய மடல். இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை இராபர்ட் சீவெல் 1900இல் வெளியான தம் நூலில் சேர்த்துள்ளார். இரண்டாவது, தஞ்சை இரகுநாத நாயக்கரின் அவையைச் சேர்ந்த இராமபத்ராம்பா இயற்றிய 'இரகுநாதாப்யுதயம்' என்னும் வடமொழிக் காவியம். மூன்றாவது, 'வெலுகோட்டிவாரி வம்சாவளி' என்னும் தெலுங்குக் குடிவரலாறு. இதனை வேங்கடரமணய்யா பதிப்பிக்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1939இல் வெளியிட்டது.

பர்ராதாஸின் மடலில் படைத்தலைவர்கள் தனித்தனி ஆட்களாகத் தோன்றுகின்றனர். யார் யாரிடமிருந்து விலகினார், யார் யாருடன் சேர்ந்தார் என்னும் நகர்வுகளே அம்மடலின் உயிர். இதற்கு இரு காரணங்கள் கூறலாம். அவருக்கு இத்தலைவர்களுள் எவரும் புரவலர் அல்லர். மேலும், திருச்சிராப்பள்ளிச் சமவெளியில் இரு அணியும் திரண்டு நின்ற நிலையிலேயே மடல் முடிந்துவிடுகிறது. வென்றவர் யார் என்று அறியாதவர் எழுதிய பதிவு ஆதலின் அதில் வெற்றியின் நிழல் படியவில்லை.

காவியத்தின் நிலை வேறு. இராமபத்ராம்பா தம் தலைவனை இராமனின் வடிவாகவே காண்கிறார். இராமனாக உருவகிக்கப்படும் தலைவனுக்கு அருகில் அவனுக்கு நிகரான மற்றொருவன் நிற்க இடமில்லை. அவனைச் சூழ்ந்திருப்போர் அடியவராகவோ, அடைக்கலம் புகுந்தவராகவோ, பகைவராகவோதான் இருக்க முடியும். ஆகவே, சிறுவர் இராமதேவரைக் காக்க இரகுநாதர் களம் புகுந்தது, துன்புற்றோர்க்கு அருளும் செயலாக அமைகிறது. ஒத்த நிலையினர் இருவர் செய்துகொண்ட உடன்பாடு, காவியத்தில் அடைக்கலம் அளித்தலாக உருமாறுகிறது.

குடிவரலாற்றின் அமைப்பு இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அது தலைமுறை தலைமுறையாக வெலுகோட்டிக் குடியின் வீரச் செயல்களை வரிசைப்படுத்துகிறது. உத்தரமேரூர் வெற்றியும் தோப்பூர் வெற்றியும் அவ்வரிசையில் யாசமருக்கு உரியனவாக இடம்பெறுகின்றன. குடியின் புகழே நோக்கமாதலின், பிற குடித் தலைவரின் பங்கு பின்னுக்குச் செல்வது இயல்பே.

முரண்பாட்டின் பொருள்

தோப்பூர் வெற்றி எவருக்கு உரியது என்பதில் தஞ்சைக் காவியமும் வெலுகோட்டிக் குடிவரலாறும் முரண்படுகின்றன. 1919இல் கிருஷ்ணசாமி ஐயங்கார் தொகுத்த விசயநகர வரலாற்று மூலங்கள் இத்தகைய நூல்களை ஆய்வுலகின் பார்வைக்குக் கொணர்ந்தன. அதன்பின், வரலாற்று நோக்கில் பயில்வோர் புகழ்ச்சியை நீக்கி நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்வதும், இலக்கிய நோக்கில் பயில்வோர் நிகழ்ச்சியை நீக்கி அணிநலனை மட்டும் எடுத்துக்கொள்வதும் வழக்கமாயின. இவ்விரு அணுகுமுறையிலும் முரண்பாடு ஒரு குறையாகவே கருதப்படுகிறது.

அம்முரண்பாட்டையே சான்றாகக் கொள்ள இயலும். படையில் ஐயமற்ற ஒரு தலைமை இருந்திருப்பின், இரு அவைகள் ஒரே வெற்றியைத் தத்தமக்கு உரியதாக இவ்வளவு எளிதில் பாடியிருக்க முடியாது. பேரரசர் தலைமையில் பெற்ற வெற்றியைப் பாடும் சிற்றரசரின் புலவர், பேரரசருக்குரிய இடத்தை விட்டே பாடுவர். இங்கு அவ்வாறு விடப்பட்ட பொது இடம் ஒரு சிறுவருடையது; களத்தில் அவ்விடத்தை நிரப்பிய ஒருவர் இல்லை. எனவே, ஒவ்வொரு நாயக்கரின் புலவரும் தம் தலைவரே போரை நடத்தினார் எனப் பொய்யுரையின் கூச்சமின்றிப் பாட முடிந்தது. ஒவ்வொரு தலைவரும் தம் படையைத் தாமே நடத்தினார் என்ற அளவில் அஃது உண்மையுமாகும்.

எதிரணியிலும் இதே நிலை காணப்படுகிறது. ஜக்கராயன் மதுரை முத்துவீரப்ப நாயக்கரையும் செஞ்சிக் கிருஷ்ணப்ப நாயக்கரையும் துணைக்கொண்டான். கிருஷ்ணப்பர் தஞ்சை இரகுநாதருக்கு மகளைக் கொடுத்தவர். மண உறவும் அவரைத் தஞ்சை அணியில் நிறுத்தவில்லை. சந்திரகிரியில் எழுந்த பூசல் காவிரிக்கரையில் தீர்க்கப்பட்டதற்கும் இதுவே காரணம். வடக்கே அரசிருக்கை இருந்தது. முடிவுசெய்யும் படைவலிமை தெற்கே மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்களிடம் இருந்தது. கல்லணையை ஒட்டிய தோப்பூரில் 1616–17இல் நிகழ்ந்த போரில் ஜக்கராயன் வீழ்ந்தான். இராமதேவர் கும்பகோணத்தில் முடிசூட்டப்பட்டார்.

யாசமரின் தலைமை

அவ்வாறெனில், ஆணையிடும் உரிமையற்ற யாசமர் மற்றவர்களை எவ்வாறு திரட்டினார்? பதிவுகளை ஒப்பிடும்போது மூன்று கூறுகள் புலப்படுகின்றன. தொடக்கத்தில் எவரும் உடன்வராதபோதும் அவர் தனித்து நின்றார். பிறர் சேரும் முன்பே இடரைத் தம்மேல் ஏற்றவர் என்பது அவருடைய சொல்லுக்கு மதிப்பளித்தது. இரண்டாவதாக, அவர் தம் பெயரால் எதையும் கேட்கவில்லை. அரச மரபில் எஞ்சிய சிறுவரின் பெயரால் கேட்டார். ஆகவே அவருடன் சேர்ந்தவர் எவரும் அவருக்குப் பணிந்தவராகவில்லை. மூன்றாவதாக, வெற்றியின் புகழைத் தஞ்சை தனதாக்கிக்கொள்ள இடம் இருந்தது. முடிசூட்டு விழா தஞ்சை நாயக்கரின் ஆட்சிப் பகுதியில் நிகழ்ந்தது என்பதே அதற்குச் சான்று.

ஜக்கராயனும் ஒரு சிறுவனையே முன்னிறுத்தினான். ஆயினும் அச்சிறுவனின் பிறப்பு குறித்து எழுந்த ஐயத்தாலும் அரச குடும்பத்தைக் கொன்ற கொடுமையாலும் அவனுடைய தலைமை அச்சத்தையே சார்ந்திருந்தது. அச்சம் கீழ்ப்பட்டோரைப் பணியவைக்கும். சொந்தப் படையுடைய நிகரானவனை விலகச் செய்யும்.

எனினும் யாசமரின் வழியிலும் ஒரு குறை உண்டு. அரசர் பெயரால் பெற்ற தலைமை, அரசர் தாமே முடிவெடுக்கும் நாளில் முடிந்துவிடும். ஜக்கராயனின் தம்பி எதிராசன் போரைத் தொடர்ந்தான். இராமதேவர் வளர்ந்தபின் அவனுடன் அமைதி கண்டு அவன் மகளை மணந்தார். யாசமர் இதற்கு உடன்படவில்லை. தாம் காத்த அரசருடனேயே அவருக்குப் பிளவு ஏற்பட்டது. இராமதேவர் நோக்கில் அம்முடிவு தவறென்று கூற முடியாது. ஒத்த நிலையினர் இருவரையும் தமக்குக் கீழ் வைத்திருப்பதே அரசர் தொழில். யாசமருக்கோ, அத்தனை ஆண்டுப் போரும் பொருளற்றதாகியிருக்கும். குடிவரலாற்றின் வெற்றி வரிசை இத்துயரைத் தாங்கும் அமைப்புடையதன்று. புகழ்ப்பாடலின் எல்லை இங்குத் தெளிவாகிறது.

முடிவுரை

ஒத்த நிலைத் தலைவர்களிடையே அமையும் படைத்தலைமையைப் புகழ் இலக்கியம் நேரடியாகக் கூறுவதில்லை. காவியம் அதனை அடைக்கலமாகவும், குடிவரலாறு குலவீரமாகவும் மாற்றியுரைக்கின்றன. எவரையும் புகழ வேண்டாத மடலே தலைவர்களின் சேர்தலையும் விலகலையும் உள்ளவாறு காட்டுகிறது.

ஒரே வெற்றியைப் பல அவைகள் உரிமை கொண்டாடும்போது அதனைப் புலவரின் மிகையுரை என ஒதுக்குதல் பொருந்தாது. அஃது அப்படையின் உள்ளமைப்பைக் காட்டும் தடயமாகலாம். இந்நோக்கில் தலையாலங்கானத்து எழுவர் பட்டியலையும் மீண்டும் பயிலலாம். ஏழு பெயர்களுக்கிடையே ஒரு தலைவன் பெயர் உயர்த்திக் கூறப்படாதது செய்யுள் அமைப்பின் தேவை மட்டும்தானா, அவ்வணியின் உண்மை நிலையும் அதுதானா என்னும் வினா எழுகிறது.

யாசமர் தம் நிகரானவர்களை ஒருங்கிணைத்தது, தலைமையைத் தம்முடையதாகக் காட்டாமையால்தான். அதே காரணத்தால் அத்தலைமை அவரிடம் நிலைக்கவும் இல்லை. அவரைப் பாடிய குடிவரலாறும் அவரைப் பாடாத காவியமும் சேர்ந்தே இவ்வுண்மையைத் தருகின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் பயில்வோர் வெற்றியை அறிவர், தலைமையை அறியார்.