கட்டணமில்லாக் கதவுக்கு ஏன் திருவிழா?

மும்பையில் 2012இல் தொடங்கிய ‘மும்பை கேலரி வீக்கெண்ட்’ என்ற கலைக்கூடத் திருவிழாவுக்கு அனுமதி இலவசம் என்று விளம்பரம் செய்யப்படுகிறது. விளம்பரத்தில் பொய் இல்லை. ஆனால் கொலாபாவிலும் ஃபோர்ட்டிலும் உள்ள தனியார் கலைக்கூடங்கள் ஆண்டு முழுவதும் பார்வையாளரிடம் காசு வாங்குவதில்லை. படம் விற்றுப் பிழைப்பவை அவை. அப்படியிருக்க, அந்த வார இறுதியில் மட்டும் ஆள் சேர்வானேன்? அங்கே தள்ளுபடியாவது கூச்சம்தான் என்பது என் வாதம்.

அங்குள்ள காலா கோடா பகுதியைப் பார்த்தாலே இது விளங்கும். 1952இல் திறக்கப்பட்ட ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்குள் நடைபாதையிலிருந்து நேராக நுழைந்துவிடலாம். கெகூ, கோர்ஷெத் காந்தி தம்பதியர் 1963இல் தொடங்கிய கெமோல்ட் என்ற தனியார் கூடம் அதன் மாடியில்தான் இருந்தது. கீழே சமோவார் உணவகம். தேநீருக்கு வந்தவர் மாடியேறி ஓவியம் பார்த்துவிட்டுப் போக வழி இருந்தது. 2007இல் கெமோல்ட் பிரெஸ்காட் சாலையில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் தளத்துக்கு இடம் மாறியது. படைப்புகளுக்கு அது வசதியான இடம். ஆனால் தெருவில் போகிறவர் கால்போன போக்கில் அங்கே வந்து நிற்க முடியாது. ஜஹாங்கீருக்குப் பக்கத்து வளாகத்திலேயே சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகம் நுழைவுச்சீட்டு விற்கிறது. குடும்பம் குடும்பமாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். இலவசக் கூடத்துக்குத் தயங்குகிறவர்கள் இங்கே பணம் கொடுத்து நுழைகிறார்கள் என்றால், தடை பணத்தில் இல்லை. ஐரோப்பிய அருங்காட்சியகப் பார்வையாளர்களை ஆராய்ந்து பியர் பூர்தியூவும் அலென் டார்பெலும் 1966இல் வெளியிட்ட நூலும் கட்டணத்தைவிடக் கல்விதான் பெரிய வேலி என்றது. திருவிழா அந்த வேலியைப் பிடுங்குவதில்லை. கையில் ஒரு வரைபடம், கூட நடக்க நாலு பேர், விளக்கிச் சொல்ல ஓர் ஆள் என்று தாண்டுவதற்குத் துணை தருகிறது, அவ்வளவே.

கூட்டம் வேடிக்கை பார்க்கத்தான் வருகிறது, கலை பார்க்க அல்ல என்பார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு படைப்பின் முன் பார்வையாளர் நின்ற சராசரி நேரம் 27 விநாடி. திருவிழா இல்லாத இடத்திலும் அவ்வளவுதான்! இது வியாபாரிகளின் உத்தி என்ற குற்றச்சாட்டு உண்மையே. ஆனாலும் வாங்காமல் போகிறவருக்கு அதனால் நட்டமில்லை. இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: திருவிழா நாளை மட்டும் ‘உங்கள் நாள்’ ஆக்கினால் மற்ற நாட்கள் பிறருடையவை ஆகிவிடாதா? ஆகும். ஞாயிற்றுக்கிழமை பூட்டி, வேலை நாட்களில் அலுவலக நேரத்தோடு கதவடைக்கும் கூடம் சம்பளக்காரரை எதிர்பார்க்கவில்லை என்றே பொருள். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு வரை திறந்துவைக்கும் வழக்கத்தைக் கொலாபா கூடங்கள் சில கொண்டுவந்தது இதனால்தான் முக்கியம். ஆண்டுக்கொரு கொண்டாட்டத்தைவிட அது பெரிய காரியம். அத்தோடு மாதம் ஒரு ஞாயிறும் திறந்து, தெருவாசலில் மராத்தியிலும் இந்தியிலும் ஒரு பலகை வைக்கட்டும். மும்பை போகும் வாசகர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை பகலில் பெரும்பாலான கூடங்கள் திறந்திருக்கும். விலை கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.