பாக்கெட் சாப்பாடும் போடி மெட்டு ஜீப்பும்

ரெடிமேட் சாப்பாட்டைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ரெண்டே வகைதான். ஒண்ணு, ‘எல்லாம் விஷம், தொடாதீங்க’. இன்னொண்ணு, ‘ரெண்டே நிமிஷத்தில் ரெடி’. இந்தப் பாக்கெட் யாருடைய நேரத்தை மிச்சப்படுத்துது என்று ரெண்டுமே கேட்பதில்லை. இந்தக் குறிப்பு அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது. போகிற வழியில், வாங்கினதை எப்படி ருசியாக்குவது என்பதும் வரும்.

போடிநாயக்கனூரை எடுத்துக்குவோம். விடிவதற்கு முன்னாலேயே ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு போடி மெட்டுக்குப் போகின்றன. மெட்டுக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். நாள் முழுக்கக் காய் எடுப்பு, களை எடுப்பு. ஜீப் வருவதற்குள் வீட்டுக்கும் சமைத்து வைத்து, தனக்கும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டாகணும். வசதிச் சாப்பாடு யாருக்காவது நிஜமாவே தேவை என்றால், அது இவங்களுக்குத்தான். ஆனால் சூப்பர் மார்க்கெட்டின் ஃப்ரீசர் இவங்களை நினைத்து வைக்கப்பட்டதில்லை.

ஃப்ரோசன் உணவு மைனஸ் 18 டிகிரியில் இருக்கணும். தொழிற்சாலை, லாரி, கடை, வீடு என்று இந்தச் சங்கிலி எங்கேயும் அறுபடக் கூடாது. வீட்டில் நல்ல ஃப்ரிட்ஜ் வேணும், கரண்டும் நிற்கணும். ஒருதரம் இளகி மறுபடி உறைந்தால், உள்ளே இருக்கும் ஐஸ் படிகங்கள் பெரிசாகிக் காய்கறியின் திசுவைக் கிழித்துவிடும். கடையில் பாக்கெட்டைத் தொட்டுப் பாருங்க. பட்டாணி உதிரியாக உருண்டால் வாங்கலாம். ஒரே கட்டியாக இருந்தால் வழியில் எங்கேயோ இளகியிருக்கு, வச்சுட்டு வந்துடுங்க.

இந்த உணவுகள் சோம்பேறித்தனத்தில் பிறந்தவை என்பது நம்ம ஊரில் பரவலான எண்ணம். வரலாறு வேற சொல்லுது. ரெண்டாம் உலகப் போரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெங்களூரு எம்.டி.ஆர். ஹோட்டலில் உருவானதுதான் ரவா இட்லி என்பார்கள். 1975 எமர்ஜென்சியில் விலைக் கட்டுப்பாடு வந்து ஹோட்டல் நடத்த முடியாமல் போனபோது, அவங்க மசாலாப் பொடி, மிக்ஸ் வியாபாரத்தில் இறங்கினாங்க. ஃப்ரிட்ஜே இல்லாமல் மாசக்கணக்கில் கெடாத ‘ரெடி டு ஈட்’ பைகளை நம்ம நாட்டில் வளர்த்ததில் மைசூரில் உள்ள ராணுவ உணவு ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது 1961-ல் தொடங்கியது. எல்லையில் நிற்கும் சிப்பாய்க்குச் சூடான சாப்பாடு வேணும் என்பதுதான் நோக்கம். ஆக, இதெல்லாம் தட்டுப்பாட்டுக்கும் போருக்கும் கண்ட வழிகள்.

இப்போ ருசிக்கு வருவோம். இங்கேதான் என் முக்கியமான குறை. அந்தப் பைகளை மூடி, அழுத்தத்தில் சுமார் 121 டிகிரிக்குச் சூடாக்குவாங்க. கிருமியும் அதன் வித்துகளும் சாகும், அதனால் பிரிசர்வேட்டிவ் தேவைப்படாது. கூடவே வாசனையும் அடிபட்டுப் போகும். பட்டர் மசாலா, குருமா, ராஜ்மா எதைத் திறந்தாலும் அதே தக்காளி வெங்காய நெடி வருவது இதனால்தான். ஏலக்காயின் மணம் சினியோல், டெர்பினைல் அசிடேட் மாதிரி சட்டென்று ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கு. போடி ஏல மையத்தில் பச்சை நிறத்துக்கும் காயின் பருமனுக்கும் விலை ஏறுது. அதே காய் பொடியாகி, பைக்குள் வெந்து வெளியே வரும்போது லேபிளில் பெயர் மட்டும் மிச்சம்.

இதற்குப் பரிகாரம் சுலபம். பையை அப்படியே சூடாக்காதீங்க. கடாயில் எண்ணெய் விட்டு, கடுகு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, அதில் பையைக் கொட்டி, கால் டம்ளர் தண்ணி விட்டுக் கொதிக்க விடுங்க. இறக்கும்போது ஒரு ஏலக்காயைத் தோலோடு தட்டிப் போட்டு மூடுங்க. உப்பு போட வேணாம், ஏற்கெனவே தாராளமா இருக்கும். லேபிளில் சோடியம் 100 கிராமுக்கா, ஒரு பங்குக்கா என்று பாருங்க. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஃப்ரோசன் பரோட்டாவை இளக விடக்கூடாது. இளகினால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். ஃப்ரீசரிலிருந்து நேராகக் கல்லில் போட்டு, மிதமான தீயில் ரெண்டு பக்கமும் சிவந்ததும், பரோட்டா மாஸ்டர் மாதிரி ஓரத்திலிருந்து ரெண்டு கையாலும் தட்டுங்க, அடுக்கு பிரியும். மிஞ்சின இட்லியை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்காதீங்க. அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து வேகமா இறுகும். ஃப்ரீசரில் வைத்து, இளக விடாமல் நேராக இட்லிப் பானையில் அவிச்சா மறுநாளும் மெத்தென்று இருக்கும். மாவு பாக்கெட் மலைச்சரிவில் போடி டவுனைப் போலச் சீக்கிரம் புளிக்காது. அடுப்புக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பா வச்சுப் பாருங்க.

‘எது அவசியம், எது ஆடம்பரம்’ என்பதில் அரசாங்கமும் தடுமாறியிருக்கு. பாக்கெட் பரோட்டா சாப்பிடுவதற்கு முன் மறுபடி சூடாக்கணும், அதனால் அது ரொட்டி வகையில் வராது, 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று கர்நாடகத் தீர்ப்பு ஒன்று 2020-ல் சொன்னது. ரொட்டிக்கு அப்போ 5 சதவீதம். தெற்கே கேலியும் கோபமும் கிளம்பின. 2025 செப்டம்பர் 22 முதல் ரெண்டுக்கும் வரி இல்லை. அடுப்பில் காட்டும் அந்த ரெண்டு நிமிஷத்துக்காக 13 சதவீதம் கூடுதல் வரி இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

வீட்டுக்குள்ளும் இதே மாதிரி ஒரு வரி இருக்கு, அது பணமா வசூலாவதில்லை. 2021-ல் வந்த ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ படத்தில் மாமனாருக்குச் சட்னி அம்மியில் அரைக்கணும், சோறு விறகடுப்பில் வேகணும். பாக்கெட் மாவை ஏளனம் செய்யும் குரலும் அதே வகைதான். ஆட்டுக்கல்லை ஓரங்கட்டின கிரைண்டரை இன்றைக்கு யாரும் குறை சொல்வதில்லை. பாக்கெட் மாவு அதற்கு அடுத்த படி, அவ்வளவுதான்.

அதற்காகக் கம்பெனிகளுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்க முடியாது. ஃப்ரிட்ஜ் தேவைப்படாத தொழில்நுட்பம் கையில் இருந்தும், அதில் வருவது பெரும்பாலும் பன்னீரும் பட்டர் மசாலாவும். கூலி வேலைக்குப் போகிறவர் கட்டுப்படியாகிற விலையில், உப்பு குறைந்த ஒரு சாம்பார் சாதம், ஒரு பயறுக் குழம்பு ஏன் வரக் கூடாது? சிப்பாய்க்குச் செய்து கொடுத்ததுதானே?

நம்ம பக்கமும் கேட்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கல்லில் பரோட்டா போடவும் பையைக் கத்தரிக்கவும் கைப்பக்குவம் எதுவும் தேவையில்லை, யார் வேணும்னாலும் செய்யலாம். அப்புறமும் முதலில் எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பது அதே ஆள்தான் என்றால், பாக்கெட் மிச்சப்படுத்தின நேரம் யாருக்குப் போச்சு?