நல்லவர் கையில் சாவி

செண்பகத்தோப்பில் சாம்பல் நிற அணிலுக்கு 1988-ல் சரணாலயம் அறிவித்தார்கள். ரேஞ்சர் நல்லவரா, கெட்டவரா என்று அணில் கவலைப்பட வேண்டாம். யார் வந்தாலும் சட்டம் ஒன்றுதான். நாம்தான், 'நல்லவரா ஒரு சர்வாதிகாரி வந்தா நாடு உருப்பட்டுடும்' என்று டீக்கடையிலிருந்து ஏ.சி. அறை வரை சொல்லிக்கொண்டிருக்கிறோம். நீங்களும் ஒரு தடவையாவது சொல்லியிருப்பீர்கள்.

இதற்குப் பதில் பக்கத்து ஊரான ராஜபாளையத்திலேயே இருக்கிறது.

பி.எஸ்.குமாரசாமி ராஜா. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். காந்தியவாதி. சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். இதைவிட நல்லவரை எங்கே போய்த் தேடுவீர்கள்?

அவர் ஆட்சியில்தான் கம்யூனிஸ்ட்டுகள் விசாரணை இல்லாமலே சிறையில் கிடந்தார்கள். 1950 பிப்ரவரி 11-ம் தேதி சேலம் சிறையில் துப்பாக்கிச்சூடு. 22 கைதிகள் செத்துப்போனார்கள். ராஜா சுடச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. யாரையும் பிடித்துப் போடலாம், ஏன் என்று யாரும் கேட்க முடியாது என்று ஆகிவிட்டால், சிறைக்குள் என்ன நடக்கிறது என்று மேலே இருக்கும் நல்லவருக்கே தெரியாது. அதுதான் ஆபத்து.

அதே வருடம், பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை இங்கே நுழையக் கூடாது என்று தடை போட்டார்கள். 'பொது ஒழுங்கு' என்பது காரணம். மே மாதம் சுப்ரீம் கோர்ட் தடையை ரத்து செய்தது: பேச்சுரிமையைத் தடுக்க அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு காரணமே இல்லை!

டெல்லி என்ன செய்தது தெரியுமா? இல்லையா, சேர்த்துவிட்டால் போச்சு என்று 1951-ல் முதல் திருத்தம் கொண்டுவந்து 'பொது ஒழுங்கை'யும் சேர்த்துவிட்டது. பிரதமர் நேரு. அவரும் நல்லவர்தான். கோர்ட் கேட்டதால் 'நியாயமான' கட்டுப்பாடு என்ற ஒரு வார்த்தையாவது உள்ளே வந்தது. இன்றைக்கும் வக்கீல்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள்.

1952 தேர்தலில் ராஜாவே தோற்றார். மரியாதையாக ஒதுங்கினார். காங்கிரசுக்குப் பெரும்பான்மை இல்லை. ஆனால், தேர்தலில் நிற்காத ராஜாஜியை கவர்னர் மேலவைக்கு நியமிக்க, அவர் முதல்வரானார். வாசலில் ஜனங்கள் பூட்டுப் போட்டால், அதிகாரம் ஜன்னலைத் தேடும்.

அதனால், அடுத்த தடவை யாராவது 'நல்ல சர்வாதிகாரி' என்று ஆரம்பித்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'அவரை எப்படி வீட்டுக்கு அனுப்புறது?'