மூன்றாம் பேஸில் ராபின்சன்

ஜாக்கி ராபின்சன் என்றதும் அவர் தாங்கிக்கொண்டவைதான் பேச்சில் முதலில் வரும். 1947 ஏப்ரல் 15 அன்று, நியூயார்க்கின் எபட்ஸ் ஃபீல்டு மைதானத்தில், புரூக்ளின் டாட்ஜர்ஸ் சீருடையில் அவர் இறங்கினார். அதற்கு முன் 60 ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்கப் பேஸ்பாலின் பெரிய லீகுகளில் கறுப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கும் இடமில்லை. எழுதிவைத்த சட்டம் கிடையாது; அணி முதலாளிகள் தமக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. எதிரணியிலிருந்து வந்த வசவுகள், மிரட்டல் கடிதங்கள், திருப்பிப் பேசுவதில்லை என்று அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கிக்கு அவர் கொடுத்த வாக்கு, எல்லாமே சொல்லப்பட வேண்டியவைதான். ஆனால் அந்த மனிதர் ஆடிய ஆட்டம் எப்படிப்பட்டது என்பது இந்தக் கதைக்குள் அமுங்கிப்போகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பேஸ்களுக்கு நடுவே ராபின்சன் செய்தது கலை.

விதி எளியது. சதுரத்தின் நான்கு மூலைகள். ஒரு மூலைக்கும் அடுத்ததற்கும் 90 அடி. மூன்று பேஸ்களைத் தொட்டு, புறப்பட்ட மூலையான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். பேஸில் நிற்பவர், தன் அணியின் அடுத்த ஆள் பந்தை அடிக்கும்வரை காத்திருக்கலாம். துணிச்சல் இருந்தால், பிட்சர் பந்தை வீசத் தொடங்கும்போதே அடுத்த பேஸுக்குப் பாயலாம். இதைத்தான் பேஸ் திருட்டு என்கிறார்கள். மூன்றாம் பேஸிலிருந்து ஹோம் பிளேட்டைத் திருடுவது இவற்றில் ஆகக் கடினம். பிட்சர் வீசும் பந்து போய்ச் சேரும் இடமே அதுதான். அந்தப் பந்து கடக்க வேண்டிய தூரம் 60 அடி 6 அங்குலம். அங்கே பந்தைப் பிடிக்கும் கேட்சர் அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க, அவர் மடியிலேயே போய் விழுவது போன்ற காரியம். ராபின்சன் தம் 10 ஆண்டுகளில் இதை 19 முறை செய்து முடித்தார். ஆண்டின் பட்டத்தை முடிவுசெய்யும் உலகத் தொடரில் செய்தது தனி.

அவர் பேஸில் நிற்பதே பார்க்கத்தக்கது. மெல்ல விலகி வருவார். இன்னும் ஓர் எட்டு. முழங்கால் மடங்கி, கைகள் தளர்ந்து தொங்க, எந்தப் பக்கமும் பாயத் தோதாக உடம்பு அசைந்துகொண்டே இருக்கும். சட்டென்று நாலு எட்டு ஓடுவார், நின்றுவிடுவார். பிட்சர் பொறுமையிழந்து பேஸை நோக்கி எறிந்தால் அதற்குள் திரும்பியிருப்பார். மறுபடியும் விலகல் தொடங்கும். சடுகுடுவில் பாடிப்போகிறவர் எதிராளியின் கையை வேண்டுமென்றே வரவழைப்பாரே, அந்த வித்தை இது. பிட்சரின் கண் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாகப் பிரிந்தால், அதன் லாபம் மட்டையோடு நிற்கும் கூட்டாளிக்கும் போகும். ஆகவே அவர் மொத்தம் 197 பேஸ்களைத் திருடினார் என்ற கணக்கு பாதியைத்தான் சொல்கிறது. பின்னால் வந்த ரிக்கி ஹெண்டர்சன் 1,406 திருடினார். அவர் மாபெரும் ஆட்டக்காரர். ஆனால் ராபின்சன் ஓடாமல் நின்றபோதும் எதிரணி குலைந்ததே, அது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

கால்விரல்கள் உள்நோக்கித் திரும்பிய நடை அவருக்கு, மேலுடம்போ கனத்தது. கலிஃபோர்னியாவில் கல்லூரி நாட்களில் அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, தடகளம், பேஸ்பால் நான்கிலும் ஆடியவர்; 1940-இல் தேசியக் கல்லூரிப் போட்டியில் நீளத் தாண்டலில் முதலிடம். அண்ணன் மேக், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து வெள்ளி வென்றவர். குடும்பத்தில் வேகத்துக்குக் குறைவில்லை. இருந்தாலும் வேகத்தை விட ராபின்சன் நின்ற விதத்தையே நான் மெச்சுவேன். முழு ஓட்டத்தில் இருக்கும் கனத்த உடம்பு ஒரே எட்டில் நின்று, அடுத்த எட்டில் எதிர்த்திசைக்குத் திரும்பும். இரு பேஸ்களுக்கு நடுவே இரண்டு பேர் பந்தை எறிந்து பிடித்து நெருக்கிவந்தால், மற்றவர்களுக்குக் கதை முடிந்தது என்று பொருள். அவர் அந்த நெருக்கலுக்குள் ஓடித் திரும்பி, ஓடித் திரும்பி, யாராவது ஒருவர் கை தவறும்வரை இழுத்தடிப்பார்.

டாட்ஜர்ஸுக்கு வருவதற்கு முந்தைய ஆண்டு, டாட்ஜர்ஸின் கீழ்நிலை அணியான மாண்ட்ரியால் ராயல்ஸுக்காக அவர் ஆடிய முதல் ஆட்டம் 1946 ஏப்ரல் 18 அன்று ஜெர்சி சிட்டியில் நடந்தது. அதில் ஒரே அடியில் எல்லாப் பேஸ்களையும் சுற்றிவரும் ஹோம் ரன் ஒன்று, இரண்டு பேஸ் திருட்டு, நான்கு ரன். ஹோம் ரன்னை யாரும் கொண்டாடுவார்கள். எனக்குப் பிடித்தவை அந்த நான்கில் இரண்டு ரன்கள். அவற்றை அவர் பிட்சரைக் குழப்பியே எடுத்தார். வீசும் அசைவைத் தொடங்கிவிட்டுப் பிட்சர் பாதியில் நிறுத்தினால் அது பால்க் என்னும் தவறு. பேஸில் நிற்பவர்கள் எல்லாரும் ஒரு பேஸ் முன்னேறலாம். மூன்றாம் பேஸில் நின்று ராபின்சன் காட்டிய பாவனையில் பிட்சரின் கை உறைந்துபோனது. ஹோம் பிளேட்டுக்கு அவர் நடந்தே போயிருக்கலாம். ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை.

இந்த வித்தை எங்கிருந்து வந்தது? ஹோம் ரன்களுக்குப் பேர்போன பேப் ரூத்துக்குப் பிறகு வெள்ளையர் லீகுகள் ஹோம் ரன்னில் மயங்கிக் கிடந்தன. இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான, டாட்ஜர்ஸ் ஆடிய நேஷனல் லீகில் 1938-இல் அதிகம் பேஸ் திருடியவர் ஸ்டான் ஹேக். எண்ணிக்கை வெறும் 16. கறுப்பர்கள் தமக்கென்று நடத்திய நீக்ரோ லீகுகளில் அப்படியில்லை. மெல்லத் தட்டிவிட்டு ஓடும் பன்ட், திருட்டு, பிட்சரின் நிதானத்தைக் கலைப்பது என்று பழைய நுட்பங்கள் அங்கே உயிரோடு இருந்தன. கூல் பாப்பா பெல் போன்றவர்கள் அவற்றை மெருகேற்றியிருந்தார்கள். 1945-இல் கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியில் ஆடிய ராபின்சன் அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர். 1947-இல் டாட்ஜர்ஸ் மைதானத்துக்குள் அவரோடு சேர்ந்து ஒரு முழு ஆட்டமுறையே நுழைந்தது. அந்த ஆண்டே 29 திருட்டுகளோடு லீகில் முதலிடம்; 1949-இல் 37, கூடவே .342 என்ற முதலிட மட்டைச் சராசரி, சிறந்த ஆட்டக்காரர் விருது.

1955 செப்டம்பர் 28, உலகத் தொடரின் முதல் ஆட்டம், எதிரணியான யாங்கீஸின் யாங்கி ஸ்டேடியம். எட்டாம் இன்னிங்ஸ். டாட்ஜர்ஸ் இரண்டு ரன் பின்தங்கியிருக்கிறது. ராபின்சனுக்கு வயது 36, தலை நரைத்துவிட்டது, மூன்றாம் பேஸில் நிற்கிறார். பிட்சர் ஒயிட்டி ஃபோர்டு இடக்கைக்காரர். வீசத் திரும்பும்போது மூன்றாம் பேஸ் அவர் முதுகுப் பக்கம். இரண்டு ரன் தேவைப்படும்போது ஒரு ரன்னுக்காக இப்படி உயிரைக் கொடுத்து ஓடுவது கணக்குப்படி சரியில்லை. ஓடினார். படச்சுருளில் அது சில விநாடிகள்தான். கால் முன்னே நீள அவர் சறுக்கி வருகிறார், கேட்சர் யோகி பெர்ரா குனிந்து பந்தோடு தொடுகிறார், அம்பயர் பில் சம்மர்ஸின் கைகள் ‘சேஃப்’ என்று விரிகின்றன, பெர்ரா துள்ளிக் குதித்துச் சண்டைக்குப் போகிறார். ராபின்சன் அவுட்தான் என்று பெர்ரா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் காலின் கோணம் மட்டும் தெரிகிறது: பிளேட்டின் ஓரத்தைக் குறிவைத்து, மிகச் சிறிய இலக்காகத் தன்னைச் சுருக்கிக்கொண்டு வரும் கால். ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் 6-5 என்று தோற்றது. தொடரை வென்றது, புரூக்ளினுக்கு முதல் முறையாக.

நேஷனல் லீகில் 1947 முதல் 1965 வரையிலான 19 ஆண்டுகளில் பேஸ் திருட்டில் முதலிடம் பிடித்தவர்களைப் பாருங்கள். ராபின்சன், சாம் ஜெத்ரோ, பில் புரூட்டன், வில்லி மேஸ், மௌரி வில்ஸ். இவர்கள் எல்லாரும் கறுப்பர்கள்; மீதி இரண்டே ஆண்டுகளில்தான் முதலிடம் வெள்ளையருக்குப் போனது. அந்த இருவரில் ஒருவரான பீ வீ ரீஸ், ராபின்சனோடு டாட்ஜர்ஸில் தோளோடு தோள் நின்று ஆடியவர். ராபின்சனைப் போலவே ஜெத்ரோவும் மேஸும் நீக்ரோ லீகில் பயின்றவர்கள். ஜெத்ரோவுக்குப் பெரிய லீகின் கதவு திறந்தது 1950-இல், 30 வயதைத் தாண்டிய பிறகு. அந்த முதல் ஆண்டிலேயே 35 பேஸ்களைத் திருடினார். அடுத்த ஆண்டும் 35.