அத்தாரின் பறவைகளும் பித்தர்களும்

சூஃபி இலக்கியத்தைப் பற்றி எம்மிடையே இரு வேறு கருத்துகள் நிலவி வந்துள்ளன. காலத்தையும் இடத்தையும் கடந்த அநுபூதியின் வெளிப்பாடே அது என்பர் ஒரு சாரார். உலகியல் துன்பங்களிலிருந்து மக்களின் கவனத்தைத் திருப்பிய தத்துவமே அது என்பர் மற்றொரு சாரார். முன்னவர் வரலாற்றை மறக்கின்றனர். பின்னவர் நூலைப் படிக்க மறக்கின்றனர். பாரசீகக் கவிஞர் பரீதுத்தீன் அத்தாரின் ‘மன்திக்குத் தைர்’ (பறவைகளின் உரையாடல்) என்னும் காவியத்தை ஆதாரமாகக் கொண்டு இவ்விரு நிலைப்பாடுகளையும் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அத்தார் குராசானின் நிஷாப்பூர் நகரத்தவர். மருந்தும் வாசனைப் பொருள்களும் விற்பவர் என்பதே அவர் பெயரின் பொருள். அவர் வாழ்ந்தது செல்ஜூக் பேரரசு சிதைந்துகொண்டிருந்த காலம். 1153 இல் கூஸ் நாடோடிகள் சுல்தான் சஞ்சாரைச் சிறைப்பிடித்தனர், நிஷாப்பூரும் சூறையாடப்பட்டது. 1221 இல் மொங்கோலியர் அந்நகரை அழித்தபோது அத்தாரும் மாண்டார் என்பது மரபு. அரசவைக் கவிஞர்கள் பரிசிலுக்காகப் புகழ்மாலை தொடுத்த அக்காலத்தில், கொடுங்கோலர் எவரது உணவையும் தாம் உண்டதில்லை என்று இக்காவியத்தின் முடிவுரையில் அவர் கூறிக்கொள்கிறார். அரசவையைச் சாராது கடைத்தெருவில் உழைத்துண்ட ஒருவரின் தன்மதிப்பு இது.

காவியத்தின் கதை யாவரும் அறிந்ததே. தமக்கோர் அரசன் இல்லையே என்று கூடிய பறவைகள், கொண்டலாத்தியின் தலைமையில் சீமுர்க்கை நாடிப் புறப்படுகின்றன. தேடல், காதல், ஞானம், பற்றின்மை, ஒருமை, வியப்பு, வறுமையோடு கூடிய அழிவு என்னும் ஏழு பள்ளத்தாக்குகளைக் கடந்து எஞ்சியவை முப்பது பறவைகளே. பாரசீக மொழியில் ‘சீ முர்க்’ என்பதன் பொருளும் முப்பது பறவைகள் என்பதே. தேடியவையே தேடப்பட்டவையாக நிற்கும் இந்தச் சிலேடையில் காவியம் உச்சத்தை எய்துகிறது.

ஆயின் கதைச் சட்டகத்தை மட்டும் நோக்குதல் போதாது. எட்வர்ட் பிட்ஸ்ஜெரால்ட் இந்நூலை மிகச் சுருக்கி ஆங்கிலத்தில் ஆக்கியபோது (1889 இல் வெளிவந்தது) கிளைக்கதைகள் பலவற்றை விட்டுவிட்டார். காவியத்தின் சமூக உள்ளடக்கம் தங்கியிருப்பதோ பெரிதும் அக்கிளைக்கதைகளிலேயே. அரசன் கையில் அமரும் பெருமையைக் கூறிப் பயணத்தைத் தவிர்க்கப் பார்க்கிறது ராசாளி. அதனையொட்டி வரும் கதையிலே, அடிமை ஒருவனின் தலையில் ஆப்பிளை வைத்து அம்பெய்து மகிழ்கிறான் மன்னன். குறி தவறினால் என் உயிருக்கு மதிப்பில்லை. தவறாவிட்டால் புகழ் மன்னனுக்கே என்று வெளிறி நிற்கிறான் அடிமை. அரசவை வாழ்வின் இயல்பை இதனினும் சுருக்கமாகக் கூறல் அரிது.

பித்தர் கதைகள் இன்னும் கூர்மையானவை. குராசான் அதிகாரியின் அடிமைகள் பட்டும் பொன்னும் அணிந்து செல்வதைக் கண்ட பசித்த பித்தன் ஒருவன், அடியாரைப் பேணுவது எப்படியென்று இவனிடம் கற்றுக்கொள் என இறைவனையே பழிக்கிறான். ஆடை கேட்டு ஒட்டுத்துணியைப் பெற்ற வேறொருவன், இத்தனை ஒட்டுப்போட்டுத் தைக்க எங்கே பயின்றாய் என்று வினவுகிறான். இறைவனோடு வழக்காடும் இப்பித்தர்களின் முக்கியத்துவத்தை ஹெல்முட் ரிட்டர் 1955 இல் வெளியிட்ட விரிவான ஆய்வில் எடுத்துக்காட்டியுள்ளார். மதிப்புடைய மாந்தர் உரைக்கத் துணியாததைப் பித்தன் உரைக்கலாம். சமய விதிகள் அவனைத் தண்டிப்பதில்லை. இச்சலுகையை அத்தார் தம் கலைக் கருவியாக்கினார்.

இதனால் அவரைப் புரட்சியாளர் என்று கொள்ளலாமா? முப்பது பறவைகளும் தம்மையே அரசனாகக் காண்பதை மக்களாட்சிக் கனவாக விளக்கும் ஆசை எமக்கு எழக்கூடும். அது நூலின் பொருளன்று. அப்பறவைகள் ஆட்சியைக் கைப்பற்றவில்லை. கதிரவனில் நிழல் கரைவதுபோலக் கரைந்துபோகின்றன. அன்றியும், பித்தனின் முறையீடு அதிகாரியை நோக்கி எழவில்லை. வானை நோக்கியே எழுகிறது. அடிமை முறை கேள்விக்குள்ளாகவில்லை; நல்ல எசமானே கோரப்படுகிறான். எதிர்ப்பைப் பிறப்பித்த அதே சிந்தனை அதற்கு எல்லையும் வகுத்தது.

இவ்வெல்லையைச் சுட்டுவதால் அத்தாரின் பெருமை குறைந்துவிடாது. பசியையும் குளிரையும் இறைவன் சந்நிதியில் வழக்குரைக்கத் தக்க பொருள்களாக அவர் ஏற்றுக்கொண்டார். சூஃபி இலக்கியம் முழுவதையும் தப்பியோடல் என்று ஒதுக்குவோர், எழுத்தறியா ஏழைகளின் மனக்குமுறல் பதிவாகியுள்ள அரிய சான்றொன்றை இழக்கின்றனர். அதனை வெறும் அநுபூதியாகப் போற்றுவோரோ அக்குமுறலைக் கேளாமலே கடந்துசெல்கின்றனர். முப்பது பறவைகளைப் பற்றி நிறையவே பேசப்பட்டுவிட்டது. ஒட்டுத்துணி அணிந்த அந்தப் பித்தனைப் பற்றி இனியேனும் பேசுதல் தகும்.